கப்பல்காரர் பதில்கள்: பேரனோடு பெட்டி தேடப் போகலாமா?

கேள்வி: மகன் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் இருக்கிறான். மே மாதம் போகிறோம். பேரனுக்கு ஜியோகேச்சிங் பைத்தியம்: யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியால் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. பக்கத்தில் போர்ட் கிளாஸ்கோ என்ற ஊரில் அந்தக் காலத்தில் கப்பல் கட்டிய இடங்களைப் பெட்டி தேடிக்கொண்டே சுற்றலாம் என்கிறான். எனக்கோ மூட்டு வலி. போகலாமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
- ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. ஒவ்வொரு பெட்டிக்கும் பாதை எவ்வளவு கடினம் என்று 1 முதல் 5 வரை எண் போட்டிருப்பார்கள். 1 என்றால் சக்கர நாற்காலியே போகும். பேரனிடம் 2-க்கு மேல் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ரயிலில் போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். லாங்பாங்க் தாண்டியதும் கிளைட் ஆற்றோரச் சேற்றில் கருத்த மரக் கம்பங்கள் வரிசை வரிசையாக நிற்கும். நீர் இறங்கும் வற்றம் நேரமாக இருக்க வேண்டும். ஏற்றத்தில் ஒன்றும் தெரியாது. அவை மரக்கிடங்கின் வேலிகள். வட அமெரிக்காவிலிருந்து வந்த மரங்களைக் கப்பல் கட்டும் தளங்களுக்குத் தேவைப்படும்வரை அங்கே மிதக்கவிட்டிருந்தார்கள். வெயிலில் போட்டால் மரம் வெடிக்கும். முழு உப்புநீரில் போட்டால் கப்பல் புழு துளைத்துவிடும். ஆற்றுநீர் கலந்த அந்த இடம் இரண்டுக்கும் நடுவே வாகாக அமைந்தது. எந்தப் பெட்டியையும்விட எனக்கு இதுதான் பெரிது.

ஊரே ஒரு தேவைக்காகப் பிறந்ததுதான். கிளாஸ்கோ வரை பெரிய கப்பல் போக ஆற்றில் ஆழமில்லை. 1668-இல் கிளாஸ்கோ நகரத்தார் இங்கே நிலம் வாங்கித் துறைமுகம் கட்டினார்கள். 1812-இல் ஜான் வுட் தளத்தில் ‘காமெட்’ என்ற நீராவிப் படகு உருவானது. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றி ஓடிய நீராவிப் படகு ஐரோப்பாவில் அதற்கு முன் இல்லை. எட்டு வருஷத்தில் பாறையில் மோதி உடைந்தது. அதன் இன்ஜின் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தளங்கள் இருந்த கரையில் இன்று பெரிய கடைகளும் வீடுகளும்தான். அதனால்தான் பேரனின் போன் உதவும்: ‘இங்கே நில்’ என்று அது சொல்லாவிட்டால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது.

காரனேஷன் பார்க்கில் மட்டும் தவறாமல் உட்காருங்கள். பத்து மீட்டர் உயரத்தில், துருப்பிடிக்காத எஃகில், சுத்தியல் ஓங்கிய இரண்டு தொழிலாளிகள். ஜான் மெக்கென்னா செய்தது, 2022-இல் வைத்தார்கள். ரிவெட், அதாவது கப்பலின் இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணி, அடிப்பவர்கள் அவர்கள். ஒரு பையன் உலையில் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி வீசுவான், இன்னொருவன் பிடித்துத் துளையில் செருகுவான், உள்ளே ஒருவர் தலைப்பக்கம் முட்டுக்கொடுப்பார். வெளியே இருவர் மாறி மாறி அடிப்பார்கள். ஒருவர் வலக்கை, மற்றவர் இடக்கைப் பழக்கம் என்றால் சுத்தியல்கள் மோதாது. கூலி, அடித்த ரிவெட் கணக்குக்கு. பலருக்குக் காது போய்விட்டது. கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்த எனக்கே ஒரு காது மந்தம். அவர்கள் பாடு கேட்கவா வேண்டும்!

கேள்வி: பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாமா? இந்த விளையாட்டு எப்படி வந்தது?
- ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: எடுக்கலாம், பதிலுக்குச் சமமான ஒன்றை வைத்தால். பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். வழிப்போக்கர் கண்ணில் படாமல் செய்வது முக்கியம். இல்லாவிட்டால் அடுத்து வருபவருக்கு மிஞ்சாது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நிறுத்தியது. உடனே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். அதுதான் ஆரம்பம்.

கேள்வி: போர்ட் கிளாஸ்கோவில் இப்போது கப்பல் கட்டுகிறார்களா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: கட்டுகிறார்கள், ஃபெர்குசன் தளத்தில். பதினைந்தாம் நூற்றாண்டின் நியூவார்க் கோட்டைக்கு மதிலை ஒட்டினாற்போல இருக்கிறது. கோட்டைக்குள் சுழல் படி, கும்பகோணத்து அம்மா வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். ‘கிளென் சானக்ஸ்’ என்ற பயணிகள் கப்பலை அங்கே 2017-இல் தடபுடலாகத் தண்ணீரில் இறக்கினார்கள். கப்பலை ஓட்டும் அறைக்கு அப்போது ஜன்னல் கண்ணாடி வரவில்லை. கறுப்புப் பெயின்ட்டால் ஜன்னல் வரைந்து சமாளித்தார்கள்! உண்மையில் பயணிகளை ஏற்றிப் புறப்பட்டது 2025 ஜனவரியில்.