ஈரோட்டு வெயிலில், ஏசி இல்லாத அறையில், புராசஸரை ஓவர்கிளாக் செய்யலாமா, அதாவது அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவிடலாமா?

செய்யலாம். ஆனால் மார்கழியில் சோதித்துவிட்டுச் சித்திரையிலும் அப்படியே ஓடும் என்று நம்பாதீர்கள். அறை வெப்பம் 10 டிகிரி ஏறினால் புராசஸரின் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். கோடை மதியத்தில் தாங்குவதே உண்மையான அளவு.

இன்டெலில் பெயரில் ‘கே’ எழுத்துள்ள புராசஸரும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசன் என்றால் பெரும்பாலும் பி வரிசை போர்டே போதும்.

பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) பெருக்கெண்ணை ஒவ்வொன்றாக உயர்த்துங்கள்; அடிப்படை வேகத்தை இந்த எண்ணால் பெருக்கினால் வருவதே புராசஸரின் வேகம். அடிப்படை வேகம் வழக்கமாக 100 மெகாஹெர்ட்ஸ் என்பதால் ஒரு படிக்கு அவ்வளவுதான் கூடும். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிடுங்கள். கணினி உறைந்தால் ஒரு படி இறங்கிவிடுங்கள். மின்னழுத்தத்தில்தான் பேராசை கூடவே கூடாது. மின்செலவு அதன் இருமடிக்கு ஏற்ப ஏறும்: வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டினாலே மின்செலவு சுமார் 21 சதவீதம் கூடிவிடும், அத்தனையும் வெப்பம். முழுச் சுமையிலும் 85 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள் என்பது என் கணக்கு.

பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் ஹீட்சிங்கில் (புராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) பஞ்சு அடைந்திருக்கும். சூடு தாங்காமல் தானே வேகம் குறைத்துக்கொண்ட புராசஸர், அந்தப் பஞ்சை ஊதிச் சுத்தம் செய்தாலே பழைய வேகத்துக்கு வந்துவிடும். ஓவர்கிளாக்குக்கு முன் அதைச் செய்து பாருங்கள்.