வீடு நிறைய ஆட்கள் இருந்தும் மூட்டு அழற்சி நோய் வந்தவர்கள் ஏன் தனித்துப் போகிறார்கள்?

அண்ணனுக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், வீட்டில் எல்லோரும் இருந்தும் அறையை விட்டு வெளியே வருவதில்லை, விசேஷங்களுக்கும் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணனுக்கு முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும், பார்க்க ஆள் நன்றாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். கட்டுப்போட்ட கையோ ஊன்றுகோலோ இருந்திருந்தால் நீங்கள் இதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

நான் டாக்டர் இல்லை. எனக்கு இருப்பது ருமட்டாய்டும் இல்லை, அன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். ருமட்டாய்டு பெரும்பாலும் கை கால்களின் சின்ன மூட்டுகளில் தொடங்கும், என்னுடையது இடுப்பையும் முதுகெலும்பையும் பிடிக்கும். இரண்டிலும் நம் எதிர்ப்பு சக்தியே நம்மைத் தாக்குகிறது. ‘வேறு நோய்க்காரன் ஏன் பதில் சொல்கிறான்’ என்பவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம்.

என் நோயில் ஒரு வம்பு உண்டு. படுத்தால் வலிக்கும், நடந்தால் குறையும். ஊரே ரெஸ்ட் எடு என்கிறது, எனக்கு ரெஸ்ட்தான் ஆகாது. ராத்திரி மூன்றரைக்கு இடுப்பு இறுகி விழிப்பு வந்துவிடும். விளக்கைப் போடாமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன். காலை பத்து மணிக்கு மேல் நிமிர்ந்துவிடுவேன். ஊர் என்னைப் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

27 வயதில் ஆரம்பித்தது. ஆறு வருஷம் டிஸ்க் என்று பெல்ட் கட்டிக்கொண்டு திரிந்தேன். எச்.எல்.ஏ. பி27 ரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்த பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது. அந்தப் பெயர் வீட்டில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. ‘வாயுப் பிடிப்பு’ என்று முடித்துவிட்டார்கள். கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வந்தது. சூப் ருசியாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் ஒதுங்க ஆரம்பித்தது தங்கை மகளின் காதுகுத்தில். குலதெய்வக் கோவில், காலை ஆறு மணி முகூர்த்தம். நம் நல்ல நேரமெல்லாம் விடியற்காலையில்தானே, என் உடம்புக்கு அதுதான் ராகுகாலம். தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்துத்தான் குத்த வேண்டும். பலகையில் சம்மணம் போட முடியாது, ஒரு சேர் போடுங்கள் என்றேன். கேட்டது பந்தல்காரர் காதில்கூட விழுந்தது, சொந்தக்காரர்கள் காதில் விழவில்லை. சரி என்று உட்கார்ந்துவிட்டேன். ஆசாரி இரண்டாவது காதைக் குத்தி முடித்ததும் குழந்தை அலறியபடி அம்மாவிடம் தாவிவிட்டாள். என்னால் எழ முடியவில்லை. பங்காளிகள் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ‘சீர் செய்யறதுன்னாத்தான் மாமனுக்கு நோவு வருமாட்ட இருக்குது’ என்று பின்னாலிருந்து ஒரு பெரியம்மா சொன்னார். சிரிப்பு. தோடு, கொலுசு, பட்டுப்பாவாடை எல்லாம் கடன் வாங்காமல் செய்திருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

மதியம் பந்தியில் நானே நின்று சாம்பார் வாளி தூக்கினேன். அப்போது உடம்பு நன்றாக இருந்தது. அதுதான் தப்பாகப் போயிற்று. காலையில் நடித்தான் என்பதற்கு நானே சாட்சி ஆகிவிட்டேன். அடுத்த விசேஷத்துக்கு ‘லீவு கிடைக்கவில்லை’ என்றேன். பொய் சொல்வது விளக்கம் சொல்வதைவிட எவ்வளவோ சுலபம்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு அடாலிமுமாப் ஊசி, அந்த எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மருந்து. ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், எங்கள் வீட்டில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊசி தொடங்கும் முன் டிபி டெஸ்ட் எடுப்பார்கள். அதைக் கேள்விப்பட்டு எனக்கு டிபி என்றே ஒரு வதந்தி ஓடியது. தனிமை பற்றித்தானே கேட்டீர்கள்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரயிலில் லோயர் பெர்த் கோட்டா ஆண்களுக்கு 60 வயதுக்கு மேல்தான். எப்போதாவது அதிர்ஷ்டத்தில் எனக்குக் கீழே கிடைத்தாலும், ‘தம்பி, நீங்க மேல ஏறிக்கிறீங்களா’ என்று ஒருவர் வந்து நிற்பார். மாட்டேன் என்றால் ஈரோடு முதல் சென்னை வரை ஒரு பெட்டியே முறைக்கும். பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, தயவுசெய்து அதற்கு வராதீர்கள்.

சரி, உங்கள் அண்ணன். எல்லா ருமட்டாய்டுக்காரர்களும் மூன்றரைக்கு விழிப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் மூட்டு இறுகிக் கிடப்பது அவர்களுக்கும் உண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகும். ‘இப்ப எப்படி இருக்கு’ என்று சாயங்காலம் கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார். இன்றைக்குக் கை எத்தனை மணிக்கு மடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். என் மனைவி, ‘ஏனுங்க, இன்னிக்கு எத்தனை மணிக்கு?’ என்று மட்டும் கேட்பாள். மூன்றரை என்றால் டிகாஷன் கொஞ்சம் கூடுதலாக விழும்.