கன்சர்வேஷன் ஏரியாவில் பழைய வீடு: பின்கட்டு எடுக்க இப்போதே கடன் வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், கவுன்சில் கன்சர்வேஷன் ஏரியாவாக, அதாவது பழைமைத் தோற்றம் காக்கப்பட வேண்டிய பகுதியாக, அறிவித்துள்ள தெருவில், விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றில் வசிக்கிறோம். பின்புறம் இரண்டு தளங்கள் கட்ட வாட் வரி நீங்கலாக 1,20,000 பவுண்டு ஆகும் என்றும், இந்த மாதமே கையெழுத்திட வேண்டும் என்றும் ஒப்பந்ததாரர் சொல்கிறார். எங்கள் சேமிப்பு 45,000 பவுண்டு. வீட்டுக் கடனின் நிலையான வட்டிக் காலம் முடிய 14 மாதங்கள் உள்ளன. இப்போதே வேறு வங்கிக்கு மாறி, கூடுதல் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். திட்ட அனுமதி கைக்கு வரும்வரை கடனும் வாங்காதீர்கள், கையெழுத்தும் இடாதீர்கள்.

இத்தகைய பகுதியில் இரண்டு தளப் பின்கட்டுக்குக் கவுன்சிலின் அனுமதி கட்டாயம். ஒரே தளமாக, வீட்டின் மூலப் பின்சுவரிலிருந்து 3 மீட்டருக்குள் நிறுத்திக்கொண்டால், உயரம் முதலான மற்ற விதிகளும் பொருந்தும் பட்சத்தில், தனி விண்ணப்பம் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் உங்கள் தெருவுக்கு, இப்படி விண்ணப்பமின்றிக் கட்டும் உரிமையை விலக்கும் ஆர்ட்டிகிள் 4 ஆணை இருந்தால் அந்தச் சலுகையும் பறிபோகக்கூடும். விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க வழக்கமான கெடு 8 வாரங்கள் என்றாலும், கூரை பழைய வீட்டை மிஞ்சி நிற்கிறது, செங்கல் பொருந்தவில்லை என்று வரைபடம் திரும்பி வருவது அரிதல்ல. வரைபடம் மாறினால் விலையும் மாறும் என்பதால், இன்று உங்கள் கையில் உள்ள தொகையை உறுதியானதாகக் கொள்ள முடியாது.

அந்தத் தொகையுடன் 20 சதவீத வாட் வரியாக 24,000 பவுண்டு சேரும். பழைய வீடு என்பதற்காக வரி குறையாது. வரலாற்றுச் சிறப்புக்காகப் பாதுகாக்கப்படும் பட்டியலிடப்பட்ட கட்டடங்களின் மாற்றங்களுக்கு இருந்த விலக்குகூட 2012 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதம் ஒதுக்கினால், மொத்தம் 1,65,600 பவுண்டைத் தொடும். பழைய வீட்டில் சுவரைத் திறந்த பிறகே பல செலவுகள் தெரியவரும் என்பதால், இந்த ஒதுக்கீட்டை நான் மிகையாகக் கருதவில்லை. பழைய சுவரைத் தொடும் இடங்களில் சுண்ணாம்புக் கலவைக்கு ஆகும் செலவையும் குறைக்காதீர்கள். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே உதிரத் தொடங்கும், அதைச் சரிசெய்யும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

இப்போதைக்குச் சேமிப்பிலிருந்து கட்டடக் கலைஞருக்கும், கவுன்சிலிடம் முன் ஆலோசனை பெறுவதற்கும் மட்டும் செலவிடுங்கள். வரைபடம், விண்ணப்பம், 1996ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டப்படி அண்டை வீட்டாருக்குத் தரவேண்டிய முன்னறிவிப்பு ஆகியவை முடிவதற்குள் அந்த 14 மாதங்களில் பெரும்பகுதி கழிந்துவிடும். நிலையான வட்டிக் காலம் முடிந்த பிறகு வங்கி மாறினால், முன்கூட்டியே கடனை அடைப்பதற்கான கட்டணமும் மிச்சம். அதற்குள் பணி தொடங்கியே ஆகவேண்டுமென்றால், தற்போதைய வங்கியிடமே கூடுதல் கடன் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கட்டுமானத்தில் போடாதீர்கள்.

ஒப்பந்ததாரரிடம், அனுமதி கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும் என்று எழுதித் தரக் கேளுங்கள். மறுத்தால் வேறு இருவரிடம் விலை கேளுங்கள். பணி தொடங்கும் முன் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள், ஏனெனில் சுவரை இடிக்கும் வேலைகளைச் சாதாரணப் பாலிசி ஏற்காமல் போகலாம்.