ஐந்தாவது இடத்தை நிரப்ப அல்ல இந்தப் படிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

மருத்துவத்துக்கு நான்கு பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்தாயிற்று, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக அனுப்பும் யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்தாவது இடம் காலியாக இருக்கிறது, அதில் ஹெல்த்கேர் சயின்ஸ் படிப்பைப் போட்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் மருத்துவமனை வேலைதானே, ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்பது உங்கள் எண்ணம். உங்கள் மகள் அந்தப் படிப்பை விரும்பிக் கேட்கிறாள் என்றால் தாராளமாக எழுதட்டும். இடம் வீணாகிவிடக் கூடாது என்பதற்காக என்றால் வேண்டாம். மருத்துவம் கிடைக்காதவர்களின் ஆறுதல் பரிசாக அதை நினைத்து உள்ளே போகும் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே சோர்ந்து போகிறார்கள்.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம். இதய மருத்துவர் நோயாளியிடம் "உங்கள் இதயம் இப்படி இயங்குகிறது" என்று சொல்லும்போது அவர் கையில் இருக்கும் அளவீடுகளைப் பெரும்பாலும் எடுத்துத் தந்தவர் கிளினிக்கல் பிசியாலஜிஸ்ட், ஹெல்த்கேர் சயின்ஸ் படிப்பு உருவாக்குவது இவரைத்தான். இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் ஈசிஜி, அதையே 24 மணி நேரம் உடலோடு கட்டி அனுப்பிப் பதியும் ஹோல்டர் பதிவு, டிரெட்மில் சோதனை, ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ, துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைத்த பேஸ்மேக்கர் கருவியின் பரிசோதனை என்று இதயப் பிரிவிலேயே வேலை பல வகை. நுரையீரலின் கொள்ளளவை அளப்பது, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறதா என்று கண்டறிவது, மூளையின் மின்னலைகளைப் பதிவது, கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது ஆகியவையும் இதே குடும்பத்தின் கிளைகள்.

ஈசிஜிதானே, ஒட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். கைகால்களில் நான்கு, மார்பில் ஆறு என்று பத்து மின்முனைகளை ஒட்டிப் பன்னிரண்டு கோணங்களில் பதிவெடுக்க வேண்டும். மார்பின் முதல் இரண்டு மின்முனைகள் நான்காவது விலா இடைவெளியில், நடு மார்பெலும்பின் இரு ஓரங்களிலும் அமைய வேண்டும். விரலால் தடவி எண்ணிப் பார்க்காமல் அவசரத்தில் கொஞ்சம் மேலே ஒட்டிவிட்டால், நல்ல இதயம்கூட என்றோ மாரடைப்பு வந்த இதயம்போலத் தாளில் தெரியக்கூடும். வலக்கை வயரையும் இடக்கை வயரையும் மாற்றி மாட்டினால் அந்தப் பன்னிரண்டில் முதல் பதிவு தலைகீழாக விழும். இயந்திரம் தானாகவே ஒரு முடிவை அச்சிட்டுத் தரும் என்பது உண்மைதான். ஆனால் மின்முனை தவறான இடத்தில் இருக்கும்போது அந்த முடிவை நம்பி என்ன பயன்? கணினி வந்து இந்த வேலையைப் பறித்துவிடாதா என்ற உங்கள் அச்சத்துக்கும் என் பதில் இதுவே. பதிவைப் படிப்பதில் கணினி உதவும். நடுங்கும் கையை, வியர்த்த மார்பை, பயத்தில் இறுகிக் கிடக்கும் தோளைச் சமாளித்து நல்ல பதிவு எடுக்க மனிதர் வேண்டும்.

நுரையீரல் சோதனையில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். குழாயை வாயில் வைத்து, மூச்சை நிறைய இழுத்து, முடிந்த அளவு வேகமாக ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வந்தது என்பது முக்கியம். நோயாளி முழு முயற்சி எடுக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஆகவே பிசியாலஜிஸ்ட் பக்கத்தில் நின்று "ஊதுங்கள், ஊதுங்கள், இன்னும், இன்னும், விடாதீர்கள்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒழுங்காக அமைந்த ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டுக்கும் 150 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எழுபது வயது முதியவர் இருமித் தவித்துக்கொண்டிருக்கும்போது "இன்னொரு முறை" என்று கேட்க வேண்டும், அதையும் அவர் மனம் நோகாமல் கேட்க வேண்டும். உங்கள் மகளுக்கு இது பிடிக்குமா? பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான்.

பெற்றோர் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பயோமெடிக்கல் சயின்ஸ், மெடிக்கல் பிசியாலஜி, ஹெல்த்கேர் சயின்ஸ் ஆகிய மூன்றும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கின்றன. பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் வேலை செய்வது ஆய்வகத்தில், இரத்தமும் திசுவும் அங்கே போகும், நோயாளி போக மாட்டார். மெடிக்கல் பிசியாலஜி நல்ல அறிவியல் பட்டம், ஆனால் அதை முடித்தவுடன் மருத்துவமனையில் பிசியாலஜிஸ்டாக வேலை தர மாட்டார்கள். கிளினிக்கல் பிசியாலஜிக்கு நேர்வழி, இதயம் அல்லது மூச்சு-தூக்கம் என்று துறையைக் குறிப்பிட்டு நடத்தப்படும் ஹெல்த்கேர் சயின்ஸ் மூன்றாண்டுப் பட்டம். அதற்கு நேஷனல் ஸ்கூல் ஆஃப் ஹெல்த்கேர் சயின்ஸ் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களுடைய பட்டியலிலேயே பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பளபளப்பான கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்தப் பட்டத்தின் உயிர்நாடி மருத்துவமனைப் பயிற்சி. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 50 வாரங்கள், அதில் அதிக வாரங்கள் கடைசி ஆண்டில். பயிற்சி தர மருத்துவமனைகள் ஒத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் மாணவர்களைச் சேர்க்க முடியும் என்பதால் இடங்கள் குறைவு. பல்கலைக்கழகம் சுற்றிப் பார்க்க அழைக்கும் திறந்த நாளுக்குப் போகும்போது நூலகத்தையும் விடுதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, அதை ஏற்பாடு செய்வது யார், தூரம் எவ்வளவு, பயணச் செலவு யார் தலையில் விழும் என்று கேளுங்கள். இதற்கு மழுப்பலான பதில் வந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி நான் இருமுறை யோசிப்பேன். கோடை விடுமுறையின் ஒரு பகுதியைப் பயிற்சி விழுங்கிவிடும், வாரம் முழுக்க மருத்துவமனையில் நிற்கும் மாதங்களில் பகுதிநேர வேலையும் சிரமம். வீட்டு வரவுசெலவைப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படிப்புக்கும் உதவி நிதி கிடைக்கும் என்று நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். தாதியர், பிசியோதெரபி மாணவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நடத்தும் கற்றல் உதவி நிதியிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்ட் கிடைக்கிறது, அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஹெல்த்கேர் சயின்ஸ் மாணவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மற்றப் பட்டங்களைப்போலவே கல்விக் கட்டணம், 2025-26 கணக்கில் ஆண்டுக்கு 9,535 பவுண்ட், அதற்கு வழக்கமான மாணவர் கடன். வேல்ஸில் கதை வேறு. ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து என்.எச்.எஸ். வேல்ஸ் உதவித்தொகையை ஏற்றுக்கொண்டால் கட்டணத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பதிலுக்குப் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் வேல்ஸில் வேலை செய்யச் சம்மதிக்க வேண்டும். இருபத்தோரு வயதில் முதல் வேலையை உறுதியோடு தரும் நிபந்தனையைச் சுமையாக நான் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் மகள் இலண்டனைவிட்டு நகர மாட்டேன் என்றால் அது அவளுக்கு ஒத்துவராது.

பட்டம் பெற்றதும் பொதுவாக என்.எச்.எஸ். ஊதிய அட்டவணையில் ஐந்தாம் படியில் வேலை தொடங்கும். 2025-26இல் இங்கிலாந்தில் அந்தப் படியின் தொடக்கச் சம்பளம் 31,049 பவுண்ட், உள்-இலண்டனில் அதற்குமேல் கூடுதல் தொகையும் உண்டு. அதே ஐந்தாம் படியில் நின்றுவிடுவதா, மேலே போவதா என்பது அதற்குப் பிறகு அவள் எடுக்கும் பயிற்சியைப் பொறுத்தது. இதயப் பிரிவில் இருந்தால் எக்கோ பழகி, பிரிட்டிஷ் எக்கோகார்டியோகிராஃபி சங்கத்தின் தேர்வை எழுதித் தகுதி பெறுவது நல்ல வழி. அந்தத் தகுதி உள்ளவர்களை மருத்துவமனைகள் தேடிக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு வழி, சயின்டிஸ்ட் டிரெயினிங் புரோகிராம் என்ற மூன்றாண்டு முதுநிலைப் பயிற்சி. சம்பளத்தோடு முதுகலைப் பட்டமும் கிடைக்கும், முடித்தால் கிளினிக்கல் சயின்டிஸ்ட் என்று சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். போட்டி கடுமை, எளிதில் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

சட்டப்படி பதிவு என்றதும் எனக்கு ஒரு மனக்குறை. கிளினிக்கல் சயின்டிஸ்டுக்கு இருக்கும் கட்டாயப் பதிவு கிளினிக்கல் பிசியாலஜிஸ்டுக்கு இல்லை. விரும்பினால் சேரலாம் என்ற பதிவேடுகள்தான் உண்டு. ஒருவருடைய பேஸ்மேக்கரின் அமைப்பையே மாற்றும் கைக்குச் சட்டம் பதிவு கேட்கவில்லை என்பது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. ஆனாலும் வேலைக்கு எடுக்கும் மருத்துவமனைகள் அந்தப் பதிவைப் பார்க்கின்றன. அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால் பதிவு சிக்கலில்லாமல் முடியும், அங்கீகாரத்தை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை கிடைக்குமா என்பது பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. இங்கிலாந்தில் நோயறி சோதனைக்குக் காத்திருப்பவர்களின் கணக்கை மாதந்தோறும் வெளியிடுகிறார்கள். ஆறு வாரத்துக்குள் சோதனை முடிந்துவிட வேண்டும் என்பது பொதுவான குறிக்கோள். அந்தக் கணக்கில் வரும் 15 சோதனைகளில் எக்கோ, செவித்திறன் மதிப்பீடு, தூக்கச் சோதனை, நரம்புச் சோதனை எல்லாம் பிசியாலஜிஸ்டுகள் கையில் இருப்பவை. வரிசை நீளமாகவே இருக்கிறது.

இப்போது விண்ணப்பம். யூகாஸில் மாணவர் தன்னைப் பற்றி எழுதுவது ஒன்றுதான், ஐந்து இடங்களுக்கும் அதுவே போகும். மருத்துவர் ஆவதே என் கனவு என்று எழுதியதைப் படிக்கும், ஹெல்த்கேர் சயின்ஸுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பவர் என்ன நினைப்பார்? சில பல்கலைக்கழகங்கள் தனியாக ஒரு விளக்கம் அனுப்பச் சொல்லும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் நேர்முகமும் உண்டு. பிசியாலஜிஸ்ட் என்ன செய்கிறார் என்று கேட்டால் மருத்துவர் வேலையை விவரிக்கும் பிள்ளை அங்கேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவத்துக்கான கடைசி நாள் அக்டோபர் 15. ஆனால் ஐந்தாவது இடத்தை அன்றே நிரப்பியாக வேண்டும் என்பதில்லை. காலியாக விட்டு அனுப்பி, மற்றப் படிப்புகளுக்கான ஜனவரிக் கெடுவுக்குள் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் கிடைக்கும் வாரங்களில் பக்கத்து மருத்துவமனையின் இதயப் பிரிவுக்கோ செவித்திறன் பிரிவுக்கோ அவளே எழுதி, அரைநாள் நின்று பார்க்க முடியுமா என்று கேட்கட்டும். நீங்கள் எழுதித் தர வேண்டாம். பதில் வராத இடமும் இருக்கும், நாலு இடத்துக்கு எழுதச் சொல்லுங்கள்.

பட்டம் முடித்துவிட்டுப் பிறகு மருத்துவத்துக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்பு இருக்கிறது, போட்டியும் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனையின் அரிய பயிற்சி இடத்தை எடுத்துக்கொள்வது எனக்கு உவப்பில்லை. மருத்துவம்தான் வேண்டும் என்று அவள் உறுதியாக இருந்தால், ஓர் ஆண்டு இடைவெளி விட்டு மறுபடி விண்ணப்பிப்பதே நேர்மையான வழி.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஹெல்த்கேர் சயின்ஸ் பிராக்டிஷனர் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் என்று ஒரு வழி இருக்கிறது. மருத்துவமனை அவளை ஊழியராகவே எடுத்துக்கொள்ளும், சம்பளம் தரும், கல்விக் கட்டணமும் அவள் கட்ட வேண்டியதில்லை. அந்த வாய்ப்புகள் யூகாஸின் ஐந்து இடங்களுக்குள் வராது. என்.எச்.எஸ். ஜாப்ஸ் தளத்தில் வேலை விளம்பரமாகத்தான் வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்களும் குறைவு. அறிவிப்பு மின்னஞ்சலுக்கு வந்து சேரும்படி அவளை இன்றே பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.