லினக்ஸ் கெர்னலில் எந்த டீபக் தேர்வுகளை இயக்குவது?

நீங்கள் எழுதும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்), இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலை அவ்வப்போது நிலைகுலையச் செய்வதாகவும், எந்த டீபக் (பிழை கண்டறிய உதவும்) தேர்வுகளை இயக்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கெர்னலின் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மேக் மெனுகான்ஃபிக் (make menuconfig) பட்டியலின் கடைசியிலுள்ள ‘கெர்னல் ஹேக்கிங்’ பகுதியில் முதலில் டீபக் தகவலை (இயங்கும் நிரலை மூலக்கோப்பின் வரிகளோடு இணைக்கும் தகவல்) இயக்குங்கள். அது கம்பைல் நேரத்தையும் வட்டில் பிடிக்கும் இடத்தையும் கூட்டுமே தவிர, ஓடும் கெர்னலின் வேகத்தைக் குறைக்காது. பிறகு, பிழைச்செய்தியில் ஃபங்ஷன் பெயரும் அதையடுத்து வரும் எண்ணும் இருந்தால், கெர்னல் மூலத்துடனேயே வரும் ஃபேடர்2லைன் ஸ்கிரிப்ட் மூலக்கோப்பின் வரியையே காட்டிவிடும்.

விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொடும் பிழை என்று சந்தேகித்தால், தவறான நினைவக அணுகலைக் கண்டுபிடிக்கும் கேசானை (KASAN) இயக்குங்கள். அதன் பொதுவகை ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 நிழல் பைட்டை (அவற்றைத் தொடலாமா என்று குறித்துவைக்கும் பைட்) ஒதுக்குவதால் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும், வேகமும் கண்கூடாகக் குறையும். ஆகவே அதைச் சோதனைக் கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே தரவைப் பலர் ஒரே நேரத்தில் மாற்றாமல் காக்கும் பூட்டுகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து முடங்கினால், பூட்டும் வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப் (lockdep) உதவும். ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் ஒரேயடியாக இயக்கினால், நேரத்தைச் சார்ந்த பிழை தலைகாட்டாமலே போய்விடக்கூடும்.