சின்ன கார் போதுமா, இன்னும் நாலு லட்சம் லோன் போடலாமா?

மதுரை பழங்காநத்தத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். வேலைக்குத் தினமும் திருமங்கலம் போய் வருகிறார், போக வர 40 கிலோமீட்டர். இத்தனை வருஷம் பஸ், இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறார். வீட்டில் கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மூட்டு வலியுள்ள மாமியார். எல்லாச் செலவும் சேர்த்து 7 லட்சம் கையில் இருக்கிறது. "நான் ஒரு சின்ன ஹேட்ச்பேக் வாங்கலாம் என்று நினைக்கிறேன். கேட்பவர்கள் எல்லாம் இன்னும் நாலு லட்சம் லோன் போட்டு எஸ்யூவி எடு, சின்ன வண்டி கொடைக்கானல் ஏறாது என்கிறார்கள். அப்படியானால் இத்தனை பேர் சின்ன காரை ஏன் வாங்குகிறார்கள், மைலேஜுக்காக மட்டும்தானா?" இதுதான் கேள்வி.

முதலில் பதில்: சின்ன காரே வாங்குங்கள். வருஷத்துக்கு 350 நாள் எந்த ரோட்டில் ஓட்டப் போகிறீர்களோ அந்த ரோட்டுக்குத்தான் கார் வாங்க வேண்டும், கொடைக்கானல் போகிற மூன்று நாளுக்கு அல்ல. மைலேஜ் ஒரு காரணம்தான், ஆனால் பலரும் நினைக்கிற அளவுக்குப் பெரிய காரணம் இல்லை.

மைலேஜையே எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் ஒரு லிட்டர் இன்ஜினுள்ள மாருதி வேகன் ஆர் 1.0-க்கு லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்கு மேல், ஸ்விஃப்டுக்குக் கிட்டத்தட்ட 25 என்று போட்டிருப்பார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்த எண் ரோட்டில் ஓட்டி எடுத்ததில்லை. சோதனைக் கூடத்தில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, சுமார் 20 நிமிடம் ஒரு குறிப்பிட்ட தாளத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எடுக்கிற எண் அது, அதிகபட்ச வேகமே 90-தான். மதுரை வெயிலில் ஏசி போடாமல் யார் ஓட்டுவார்கள்? அதிலும் ஒரு லிட்டர் இன்ஜினில் ஏசி இழுக்கிற சக்தி பெரிய இன்ஜினில் இழுப்பதைவிட விகிதத்தில் அதிகம், அதனால் சின்ன காரில் ஏசி போட்டால் மைலேஜ் இறங்குவது கண்ணுக்கே தெரியும். இப்போது பங்கில் ஊற்றுகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சக்தி கொஞ்சம் குறைவு, அதிலும் சிறிது போகும். எல்லாம் கழித்து, உங்கள் மாதிரி பாதி ஊருக்குள், பாதி நெடுஞ்சாலை என்று ஓட்டினால் 18 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதே ரோட்டில் பெட்ரோல் எஸ்யூவி 13 கொடுக்கும்.

மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் ஒன்றுக்கு 5,550 ரூபாய், மற்றதற்கு 7,700. வித்தியாசம் 2,100 சொச்சம். நல்ல காசுதான், ஆனால் இதை மட்டும் வைத்து யாரும் கார் முடிவு பண்ணுவதில்லை.

உண்மையான வித்தியாசம் வாங்குகிற அன்றே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை மாற்றினார்கள். 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 லட்சத்தைத் தாண்டினால் 18, 20 லட்சத்துக்கு மேல் 20. ஆறு லட்சத்து காருக்கு ஆர்டிஓ-வில் கட்டுவது 78,000 ரூபாய். நண்பர்கள் சொல்கிற எஸ்யூவி மேல் மாடல் ஆசையில் 11 லட்சத்துக்குப் போய்விட்டால் (போகும், ஷோரூமில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் போகும்) அதற்கு வரி மட்டுமே 1,98,000. கார் விலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வரி இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

ஜிஎஸ்டி-யிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டர் நீளத்துக்குள், இன்ஜின் அளவு 1,200 சிசிக்குள் (1.2 லிட்டர்) இருக்கிற பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. அதற்கு முன் சின்ன காருக்கே செஸ் சேர்த்து 29 இருந்தது. ஆனால் ஒன்று, இந்தச் சலுகை ஹேட்ச்பேக்குக்கு மட்டும் உரியதில்லை. 4 மீட்டர் என்ற கோட்டை 2006-இலேயே போட்டுவிட்டார்கள், அதிலிருந்து கம்பெனிகளும் டேப்பை வைத்துக்கொண்டுதான் கார் வரைகின்றன. டிசையர், வென்யூ, நெக்ஸான், மூன்றையும் அளந்து பாருங்கள், மூன்றும் 3,995 மில்லிமீட்டர்! அதனால் "வரி குறைந்துவிட்டது, சின்ன எஸ்யூவியே எடுக்கலாமே" என்று யாராவது சொன்னால் அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. 1.2 பெட்ரோல் இன்ஜினோடு வருகிற குட்டி எஸ்யூவி-க்கும் அதே 18-தான்.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு சிசி பார்த்து நிர்ணயிக்கிறது. புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். 2022-இல் அறிவித்த கட்டணத்தில் 1,000 சிசிக்குள் 6,521, 1,500 வரை 10,640, அதற்கு மேல் 24,596 ரூபாய். டயரைக் கேட்டீர்கள் என்றால், 14 இஞ்ச் டயர் நாலு மாற்றுகிற காசில் பெரிய எஸ்யூவியின் 17 இஞ்ச் டயர் இரண்டு வாங்கினாலே அதிகம். டோலில் மட்டும் சின்ன காருக்கு எந்தச் சலுகையும் கிடையாது, கார், ஜீப், வேன் எல்லாம் ஒரே கட்டணம். தினமும் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்ட வேண்டியிருந்தால் 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கான மாதப் பாஸைப் பற்றி அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சரி, காசு போகட்டும். என்னைக் கேட்டால் சின்ன கார் வாங்குகிறவர்களை அதிகம் இழுப்பது அதன் அகலம்தான். பழங்காநத்தம் சந்துகள் உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு பக்கம் நிறுத்திவைத்த பைக், மறு பக்கம் சாக்கடை மூடி, எதிரே தண்ணீர் லாரி. வேகன் ஆர் அகலம் 1,620 மில்லிமீட்டர், கிரெட்டா எஸ்யூவி 1,790. பதினேழு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், உங்கள் கை விரித்தால் வருகிற ஒரு சாண் அளவுகூட இல்லை. அந்தச் சாண்தான் எதிரே ஆட்டோ வரும்போது கண்ணாடியை மடக்காமல் போவதா, இறங்கி மடக்கிவிட்டு ஏறுவதா என்பதை முடிவு செய்கிறது. திரும்புவதிலும் அப்படித்தான். ஆல்டோ கே10 திரும்ப 4.5 மீட்டர் ஆரம் போதும், வேகன் ஆருக்கு 4.7, கிரெட்டாவுக்கு 5 மீட்டருக்கு மேல் வேண்டும். சின்ன கார் ஒரே வீச்சில் திரும்புகிற தெருவில் பெரிய வண்டிக்காரர் ரிவர்ஸ் எடுத்து முன்னே போய், மறுபடி ரிவர்ஸ் எடுத்து, பின்னால் நாலு பைக்காரர் ஹாரன் அடிக்க வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார். புதிதாக ஓட்டுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இருபது வருஷம் ஓட்டியவர்களுக்கு மறந்துவிடுகிறது, அதனால்தான் அவர்கள் கொடைக்கானல் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

ஷோரூம் போகும் முன் ஒரு டேப் எடுத்து வாசல் கேட்டின் அகலத்தை அளந்துவிடுங்கள். விளம்பரத்தில் இருக்கிற அகலத்தில் பக்கக் கண்ணாடி சேராது, இரண்டு பக்கமும் சேர்த்து இன்னும் ஓர் அடியாவது கூட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே நிறுத்திய பிறகு கதவைத் திறந்து ஆள் இறங்க ஒரு பக்கம் இரண்டடி இடம் வேண்டும், அதை எல்லாரும் மறந்துவிட்டு அப்புறம் டிக்கி வழியாக இறங்காத குறையாக இறங்குகிறார்கள்.

மாமியாருக்கு மூட்டு வலி என்கிறீர்களே, அதை வைத்தே பாதி மாடல்களைக் கழித்துவிடலாம். ஆல்டோவில் சீட் தாழ்வாக இருக்கும், உட்காரும்போது இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும், எழும்போது முழுப் பாரமும் முழங்காலில் விழும். வேகன் ஆர் மாதிரி உயரமான காரில் அப்படியே பக்கவாட்டில் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து காலைத் திருப்பிக்கொள்ளலாம். எஸ்யூவியில் சிலவற்றில் படி மாதிரி ஏற வேண்டும், அதுவும் அவருக்குக் கஷ்டம். கையோடு அவரையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போய் நாலைந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், விற்பனைப் பிரதிநிதி என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

இப்போது நண்பர்கள் சொல்வதற்கு வருவோம். கொடைக்கானல் ஏறாது என்பது தப்பு, நன்றாகவே ஏறும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் ஆல்டோக்கள் தினமும் ஏறி இறங்குகின்றன. ஆனால் வேகன் ஆர் தன் எடை 850 கிலோ சொச்சம், நீங்கள் ஐந்து பேரும் பையுமாக ஏறினால் இன்னொரு 300 கிலோ. வண்டி எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு 67 குதிரைத் திறனுள்ள ஒரு லிட்டர் இன்ஜின் ஏசியையும் சுற்ற வேண்டும். திணறும், சத்தம் போடும், பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடிக்கும். வளைவு நெருங்கும்போதே இரண்டாம் கியருக்கு இறங்கி, தேவைப்பட்டால் ஏசியை அணைத்து ஏற்றினால் ஒரு பிரச்சினையும் இல்லை. அடிக்கடி குடும்பத்தோடு மலைக்குப் போவீர்கள் என்றால் 1.2 இன்ஜின் எடுங்கள். அதே உடம்பு, 90 குதிரைத் திறன், ஊருக்குள் மைலேஜில் பெரிய இழப்பும் இல்லை. கூடுதல் செலவில் இன்ஷூரன்ஸ் வகை மாறி வருகிற சில ஆயிரமும் சேரும், அது தகும்.

பாதுகாப்பு பற்றிய பயத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன், அதில் அவர்கள் சொல்வது சரி. 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வேகன் ஆர் வாங்கியது ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம், ஆல்டோ கே10 இரண்டு. டாடா டியாகோ 2020-இலேயே நாலு வாங்கியிருந்தது. அதற்குப் பிறகு மாருதி 2025-இல் இந்த மாடல்களில் எல்லாம் ஆறு ஏர்பேகைக் கட்டாயமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது, நல்லதுதான், ஆனால் ஏர்பேக் எண்ணிக்கை வேறு, உடம்பின் உறுதி வேறு. எத்தனை பை விரிந்தாலும் கூடு நசுங்கினால் பயன் குறைவு. போதாததற்கு எடை குறைந்த வண்டி எடை கூடிய வண்டியோடு மோதினால் அடி சின்னதுக்குத்தான் அதிகம், அதை எந்த நட்சத்திரமும் மாற்றாது. ஆகவே நாலு வழிச் சாலையில் 80-ஐத் தாண்டாதீர்கள், பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும், சின்னப் பிள்ளையை முன் சீட்டில் மடியில் உட்கார வைக்கவே கூடாது. பாதுகாப்பே முதல் கவலை என்றால் டியாகோவைப் பாருங்கள். வேகன் ஆர் அளவுக்கு உயரம் கிடையாது, டிக்கியும் 242 லிட்டர்தான் (வேகன் ஆரில் 341), மைலேஜும் சில கிலோமீட்டர் குறையும். மாமியாரின் முழங்காலா, நட்சத்திரமா என்று நீங்கள்தான் எடை போட வேண்டியிருக்கும். இரண்டிலும் ஏற்றி உட்கார வைத்துப் பார்த்து, டியாகோ அவருக்கு ஒத்துவந்தால் நான் டியாகோவைத்தான் எடுப்பேன்.

டீசல் கேட்காதீர்கள், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த கையோடு மாருதியே டீசலை விட்டுவிட்டது, மாதம் 1,000 கிலோமீட்டருக்கு அது லாபமும் இல்லை. சிஎன்ஜி-யில் ஓட்டுச் செலவு இன்னும் இறங்கும், ஆனால் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சிலிண்டரைச் சோதிக்க வேண்டும், நீங்கள் போகிற வழியிலேயே பங்க் இருந்தால் மட்டும் யோசியுங்கள். கிளட்ச் மிதிக்க வேண்டாத ஏஎம்டி கியர் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அது மேனுவல் கியர்பாக்ஸையே மோட்டார் வைத்து மாற்றுவது, அதனால் மைலேஜ் குறையாது. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்காலம் போகிறவருக்கு இடது காலுக்குக் கிடைக்கிற ஓய்வு அந்த 50,000 ரூபாய்க்குத் தகும். கியர் மாறும்போது லேசாக ஒரு தலையாட்டல் இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

உங்கள் 7 லட்சத்துக்கு ஷோரூம் விலை 5.9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மேலே 13 சதவீதம் வரி, இன்ஷூரன்ஸ், சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து ஏழைத் தொடும். 1.2-வும் ஏஎம்டியும் இரண்டும் வேண்டும் என்றால் பட்ஜெட் கொஞ்சம் இடிக்கும், அதற்கு மட்டும் சின்னதாக லோன் போட்டால் தப்பில்லை. டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஐந்து பேரும் ஏறி, ஏசியை முழுதாகப் போட்டு, ஒரு மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அப்புறம் உங்கள் தெருவுக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லி உங்கள் கேட்டுக்குள் நுழைத்துப் பாருங்கள், கேட்டால் கொண்டுவருவார்கள். ஷோரூமில் கொடுக்கிற இன்ஷூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. வெளியில் ஒரு விலை வாங்கிக்கொண்டு போய்க் காட்டினால் பெரும்பாலும் அவர்களே குறைப்பார்கள், குறைக்கும்போது காப்பீட்டு மதிப்பையும் சேர்த்துக் குறைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.