பெரியார் யூனிவர்சிட்டி, ஐடிஐ, தொலைதூரக் கல்வி: இந்த மாச கேள்வி-பதில்

ரிசல்ட் வந்தாச்சு, அட்மிஷன் ஓடுது, அதனால இந்த தடவ கேள்வி கொஞ்சம் குவிஞ்சு போச்சு. பாதிப்பேர் எந்த காலேஜ், எந்த வருஷ பேட்ச், ரெகுலரா கரஸ்ஸா எதுவும் சொல்லாம "சார் எனக்கு ஒரு டவுட்"னு மட்டும் அனுப்பிட்டு ரெண்டு நாள் கழிச்சு "சார் ரிப்ளையே இல்ல"ன்னு கோச்சுக்கிறீங்க. விவரம் போட்டவங்களுக்கு மட்டும் கீழ பதில்.

பென்னாகரம்: எம்எஸ்சி சேரணும். தர்மபுரி சென்டர்ல படிச்சா சேலத்துல படிச்ச மாதிரி மதிப்பு இருக்குமா?

ஒரே டிகிரிதான் தம்பி. பைசுஅள்ளில இருக்கிறது யூனிவர்சிட்டி சொந்தமா நடத்துற பிஜி சென்டர், யாரோ ஏஜென்ட் கடை இல்ல. சர்டிபிகேட்ல பெரியார் யூனிவர்சிட்டின்னுதான் வரும். என்ன ஒண்ணு, சேலத்துல இருக்குற எல்லா டிபார்ட்மென்டும் இங்க கிடையாது, உங்க சப்ஜெக்ட் இருக்கான்னு முதல்ல பாத்துக்கங்க. இல்லன்னா சேலம்தான், அதுக்கும் பயப்பட ஒண்ணும் இல்ல, மெயின் கேம்பஸ் கருப்பூர்ல பெங்களூர் ஹைவே மேலயே இருக்கு, தொப்பூர் ஓமலூர் வழியா போற பஸ்ல சேலம் டவுனுக்குள்ள போகாமலே இறங்கிக்கலாம். தர்மபுரில இருந்து 60 கிலோமீட்டர் சுமாரா வரும், தினமும் போய்ட்டு வர்ற பசங்க இருக்காங்க. ஆனா தொப்பூர் கணவாய்ல லாரி ஏதாவது கவுந்துச்சுன்னா முதல் பீரியட் அவ்ளோதான்.

காரிமங்கலம்: நான் அரசு மகளிர் கல்லூரில பிஎஸ்சி. வேலைக்கு அப்ளை பண்றப்போ காலேஜ் பேர் போடணுமா, பெரியார் யூனிவர்சிட்டின்னு போடணுமா?

ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் இருக்கும் பாருங்கம்மா. படிச்சது காலேஜ், டிகிரி குடுத்தது யூனிவர்சிட்டி. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நாலு மாவட்டத்து ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்கள் இந்த யூனிவர்சிட்டி கீழதான் வரும். இன்ஜினியரிங் அண்ணா யூனிவர்சிட்டி, லா காலேஜுக்கு சட்டப் பல்கலைக்கழகம், பாலிடெக்னிக்குக்கு யூனிவர்சிட்டியே கிடையாது, அது டிஓடிஇ, அதாவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். இத குழப்பிக்கிட்டு ஃபார்ம் ரிஜெக்ட் ஆனவங்க நெறைய.

ஊத்தங்கரை: பிஎட் பெரியார் யூனிவர்சிட்டில எப்போ அட்மிஷன்?

எப்போவும் இல்ல. தமிழ்நாட்டுல பிஎட் காலேஜ் எல்லாம் 2008-ல ஆரம்பிச்ச ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு கீழ.

கிருஷ்ணகிரி: எம்ஃபில் சேரலாமா?

வேணாம். 2022 பிஎச்டி ரூல்ஸ்லயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அத நிறுத்திருச்சு. யாராவது இப்பவும் அட்மிஷன் போடுறேன்னு கூப்பிட்டா அந்த பக்கமே போகாதீங்க.

நல்லம்பள்ளி: சார் எனக்கு அரியர் இருக்கு என்ன பண்றது?

எழுதி பாஸ் பண்றது. வேற என்னப்பா சொல்ல? எத்தன பேப்பர், எந்த பேட்ச், எக்ஸ்டர்னல்ல (செமஸ்டர் எக்ஸாம்) போச்சா இல்ல எக்ஸாமுக்கே போகலயா, ஒண்ணுமே சொல்லல. சரி, பொதுவா சொல்றேன். யுஜில எக்ஸ்டர்னல் 75-க்கு 30 வாங்கணும், இன்டர்னல் 25-க்கு 25 வாங்கி எக்ஸ்டர்னல்ல 28 எடுத்தா மொத்தம் 53 வந்தாலும் பெயில்தான், இது தெரியாம "53 மார்க்குக்கு பெயில் போட்டுட்டாங்க"ன்னு வருஷா வருஷம் சண்டைக்கு வருவாங்க. 28, 29-ல நிக்கிறவங்க முதல்ல விடைத்தாள் காப்பிக்கு அப்ளை பண்ணி, உங்க சாரையோ மேடத்தையோ காட்டி, மார்க் வரும்னு அவங்க சொன்னா ரீவேல்யூவேஷன் போடுங்க. தேதி ரொம்ப கம்மியாதான் குடுப்பாங்க, ரிசல்ட் வந்து பத்து நாள் கொடைக்கானல் போய்ட்டு வந்து கேட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் உங்க காலேஜ் ஆட்டோனமஸ்னா எக்ஸாம் வைக்கிறதும் பேப்பர் திருத்துறதும் காலேஜ்தான், அங்க இருக்குற எக்ஸாம் கன்ட்ரோலர பாருங்க, சேலத்துக்கு போன் போட்டு புண்ணியம் இல்ல. பணம் கட்டுன ரசீத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

தர்மபுரி: எங்கப்பா தர்மபுரி அரசு கலைக் கல்லூரில 1988-ல பிஏ முடிச்சார். டிகிரி சர்டிபிகேட் காணாம போச்சு. பெரியார் யூனிவர்சிட்டில கேட்டா எங்ககிட்ட ரெக்கார்டே இல்லன்னு சொல்றாங்க.

எப்படிம்மா இருக்கும், யூனிவர்சிட்டியே 1997 செப்டம்பர்லதான் பொறந்துச்சு. அதுக்கு முன்னாடி சேலம், தர்மபுரி காலேஜ் எல்லாம் மெட்ராஸ் யூனிவர்சிட்டி. கிருஷ்ணகிரியே 2004-லதான் தனி மாவட்டம் ஆச்சு, உங்கப்பா படிச்ச காலத்துல எல்லாம் ஒரே தர்மபுரி ஜில்லாதான். நீங்க போக வேண்டியது சென்னை சேப்பாக்கம், மெட்ராஸ் யூனிவர்சிட்டி ஆபீஸ். போறதுக்கு முன்னாடி போலீஸ்ல புகார் குடுத்து, தேடியும் கிடைக்கலன்னு அவங்க தர்ற சர்டிபிகேட்ட வாங்கிக்கங்க, அது இல்லாம டூப்ளிகேட் பத்தி பேசவே மாட்டாங்க. ரிஜிஸ்டர் நம்பரும் பாஸ் பண்ண மாசம் வருஷமும் வேணும், அப்பாவுக்கு ஞாபகம் இல்லன்னா பழைய ஹால் டிக்கெட், புரொவிஷனல் எதாவது டிரங்க் பெட்டில கெடக்கும், அதுவும் இல்லன்னா காலேஜ் ஆபீஸ்ல பழைய ரிஜிஸ்டர பாக்க சொல்லி கேளுங்க, மரியாதையா கேட்டா எடுத்து தருவாங்க. 97, 98 வாக்குல முடிச்சவங்க மட்டும் மார்க் ஷீட்ல மேல எந்த யூனிவர்சிட்டி பேர் அச்சடிச்சிருக்குன்னு பாத்துட்டு கெளம்புங்க.

மாரண்டஅள்ளி: பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ஸ்டடி சென்டர்ல ஒரே வருஷத்துல பிகாம் டிகிரி, யுஜிசி அங்கீகாரம்னு சொல்றாங்க. 35,000 கேக்குறாங்க. 10,000 அட்வான்ஸ் ஜிபே பண்ணிட்டேன். நம்பலாமா?

அட்வான்ஸ் குடுத்துட்டு நம்பலாமான்னு கேக்குறீங்க. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னால சுருக்கமா பதில் சொல்ல முடியாது, ஏன்னா நான் எக்ஸாம் செக்ஷன்ல உக்காந்திருந்த காலத்துல இருந்து இந்த கூத்த பாத்துட்டு இருக்கேன், போர்டு மாறுது, போன் நம்பர் மாறுது, ஏமாறுற ஜனம் மட்டும் மாறல. மாம்பழம் வாங்குறப்ப காம்ப மோந்து பாத்து, அமுக்கி பாத்து, கிலோவுக்கு 5 ரூபாய்க்கு அர மணி நேரம் பேரம் பேசுற ஊருங்க இது, டிகிரி வாங்குறப்ப மட்டும் எப்படி கண்ண மூடிக்கிட்டு காச நீட்டுறீங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

முதல் விஷயம், மூணு வருஷ டிகிரிய ஒரே வருஷத்துல தர இந்தியால எந்த யூனிவர்சிட்டிக்கும் அதிகாரம் இல்ல. அப்ப அந்த ஆள் எப்படி தர்றான்? ரெண்டு வழிதான். ஒண்ணு, பழைய வருஷத்துல சேந்த மாதிரி பேக் டேட் போட்டு எங்கயோ வடக்க இருக்குற ஒரு யூனிவர்சிட்டி பேர்ல மார்க் ஷீட் வாங்கி தர்றது. இல்லன்னா பிரிண்டிங் பிரஸ். ரெண்டாவதுல யூனிவர்சிட்டிக்கு நீங்க யாருன்னே தெரியாது, என்ரோல்மென்ட் நம்பர் போட்டு பாத்தா ஒண்ணும் வராது. வீட்டுக்கு கூரியர்ல சர்டிபிகேட் வரும், ஹோலோகிராம் எல்லாம் பளபளன்னு ஒட்டிருக்கும், அத பாத்து அம்மா சாமி படத்துக்கு பக்கத்துல வச்சு கும்புடுவாங்க. பிரச்சன அன்னிக்கு வராதுங்க. ஓசூர்ல கம்பெனில சேந்து மூணு வருஷம் கழிச்சு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் வர்றப்ப வரும், டிஎன்பிஎஸ்சி சர்டிபிகேட் வெரிஃபிகேஷன்ல வரும், துபாய் போக அட்டெஸ்டேஷனுக்கு குடுக்குறப்ப வரும். போலி சர்டிபிகேட் குடுத்தா வேல போறதோட நிக்காது, கேஸ் ஆகும், கேஸ் உங்க மேல, அந்த சென்டர்காரன் மேல இல்ல, அவன் அதுக்குள்ள போர்ட கழட்டிட்டு போயிருப்பான்.

நெஜமான யூனிவர்சிட்டியா இருந்தாலும் போதாது. ஒரு மாநில யூனிவர்சிட்டி தன் எல்லைக்கு வெளிய தொலைதூர சென்டர் வைக்கவோ, தனியாருக்கு பிராஞ்சைஸ் குடுக்கவோ கூடாதுன்னு யுஜிசி சொல்லி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இத வெளையாட்டா எடுத்துக்காதீங்க. கர்நாடகா ஸ்டேட் ஓபன் யூனிவர்சிட்டி அரசாங்க யூனிவர்சிட்டிதான், மாநிலத்துக்கு வெளிய சென்டர் நடத்துன பிரச்சனைல 2015-ல யுஜிசி அங்கீகாரம் இல்லன்னு சொல்லிருச்சு, 2018-லதான் திரும்ப குடுத்தாங்க, நடுவுல மாட்டுன பேட்ச் பசங்க சர்டிபிகேட்ட கையில வச்சுக்கிட்டு அல்லாடுனாங்க. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்குறவங்களுக்கு பெங்களூர் சென்டர் கிட்டக்க தெரியும்ங்கிறதால இத குறிப்பா சொல்றேன்.

அப்ப என்ன பண்ணணும்? யுஜிசி தொலைதூரக் கல்வி பிரிவோட சைட்ல, டெப்னு சொல்வாங்க, எந்த யூனிவர்சிட்டிக்கு எந்த கோர்ஸுக்கு எந்த வருஷத்துக்கு அனுமதின்னு லிஸ்ட் இருக்கும். யூனிவர்சிட்டி பேர் இருந்தா பத்தாது, உங்க கோர்ஸ் இருக்கணும், நீங்க சேர்ற வருஷம் இருக்கணும், மூணும் பாருங்க. 2024-ல இருந்து தொலைதூரத்துல சேர டெப் ஐடி வேணும், அத நீங்களேதான் எடுக்கணும், அது வேணாம்னு ஒருத்தன் சொன்னான்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. இன்ஜினியரிங், நர்சிங், பிசியோதெரபி, லா இதெல்லாம் தொலைதூரத்துல கிடையவே கிடையாது. பணம் யூனிவர்சிட்டி அக்கவுன்ட்டுக்கு யூனிவர்சிட்டி போர்ட்டல்லதான் போகணும், ஒரு ஆளோட ஜிபே நம்பருக்கு இல்ல. தமிழ்நாடு திறந்தநிலை பல்கலைக்கழகத்துல பிஏ, பிகாமுக்கு வருஷத்துக்கு சில ஆயிரம்தான் ஆகும், அத விட்டுட்டு 35,000 குடுத்து காகிதம் வாங்குறதுல என்ன லாபம்?

உங்க 10,000 விஷயம்: ஜிபே ஹிஸ்டரி, அவன் அனுப்புன மெசேஜ், நோட்டீஸ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு எழுத்துல பணத்த திருப்பி கேளுங்க, தரலன்னா ஸ்டேஷன்ல புகார் குடுங்க. ஒரிஜினல் மார்க் ஷீட் எதாவது குடுத்திருந்தா முதல்ல அத வாங்குங்க.

ஓசூர்: பத்தாவது, ஐடிஐ ஃபிட்டர் முடிச்சு கம்பெனில இருக்கேன். ப்ளஸ் டூ படிக்கல. டிகிரி பண்ண முடியுமா?

தாராளமா. விவரமா கேட்டதுக்கு நன்றி தம்பி. பத்தாவதுக்கு அப்புறம் ரெண்டு வருஷ டிரேடு முடிச்சவங்க ப்ளஸ் டூல தமிழ், இங்கிலீஷ் ரெண்டு பேப்பர் மட்டும் தனித்தேர்வரா எழுதி பாஸ் பண்ணா தேர்வுத்துறை ப்ளஸ் டூவுக்கு சமம்னு சர்டிபிகேட் தரும். அத வச்சு தொலைதூரத்துல டிகிரி போங்க. இத செய்யாம நேரா டிகிரி குடுக்குறோம்னு யாராவது சொன்னா போகாதீங்க, பத்து, ப்ளஸ் டூ, அப்புறம் டிகிரிங்கிற வரிச இல்லன்னா தமிழ்நாடு அரசு வேலைக்கு அந்த டிகிரிய எடுத்துக்க மாட்டாங்க, படிச்சு முடிச்ச அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல. வெல்டர் மாதிரி ஒரு வருஷ டிரேடு போட்டவங்க தேர்வுத்துறை ஆபீஸ்ல நேர்ல கேட்டுட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க.

இன்னொரு வழி, என்ன கேட்டா உங்களுக்கு இதுதான் நல்லது: ஐடிஐ முடிச்சவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், டிப்ளமோ முடிச்சா பிஇ நேரா ரெண்டாம் வருஷம். கைல தொழில் இருக்கு, அதே லைன்ல மேல போறத விட்டுட்டு பேருக்கு ஒரு பிஏ எதுக்கு? ஆனா வேலைய விடணுமேன்னு கேப்பீங்க, அது உங்க வீட்டு கணக்கு.

அரூர்: பிவொக் (தொழிற்கல்வி கோர்ஸ்) டிகிரியா, டிப்ளமோவா? குரூப் 2 எழுதலாமா?

மூணு வருஷம் முழுசா முடிச்சா டிகிரி. ஒரு வருஷத்துல வெளிய வந்தா டிப்ளமோ, ரெண்டுல வந்தா அட்வான்ஸ்டு டிப்ளமோ. "ஏதாவது ஒரு டிகிரி"ன்னு கேக்குற வேலைக்கு எழுதலாம். குறிப்பிட்ட சப்ஜெக்ட் கேட்டா, இல்ல அத வச்சு பிஜியோ பிஎட்டோ போகணும்னா, அங்க ஏத்துக்குவாங்களான்னு கேட்டுட்டு சேருங்க. சேந்துட்டு கேக்காதீங்க.

பர்கூர்: ரெகுலர்ல பிஎஸ்சி படிச்சிக்கிட்டே தொலைதூரத்துல பிஏ பண்ணலாமா?

2022-ல இருந்து யுஜிசி ஒத்துக்குது. தொலைதூரம் டெப் லிஸ்ட்ல இருக்கணும், மேல சொன்ன அதே மூணையும் பாருங்க. ரெண்டு எக்ஸாமும் ஒரே நாள்ல வந்தா என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சிட்டு சேருங்க.

கிருஷ்ணகிரி: தங்கச்சி எட்டாவது வரைக்கும் பிரைவேட் ஸ்கூல், ஒம்பதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல். புதுமைப்பெண் 1,000 ரூபா வருமா?

பிரைவேட்ல ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) கோட்டால இலவசமா படிச்சிருந்தா வரும். காசு கட்டி படிச்சிருந்தா வராது, ஆறுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயோ, அரசு உதவி பெறுற ஸ்கூல்ல தமிழ் மீடியத்துலயோ இருக்கணும். கரஸ்ல படிக்கிறவங்களுக்கு கிடையாது, ஐடிஐ, பாலிடெக்னிக் ரெகுலருக்கு உண்டு. பசங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல வந்த தமிழ்ப்புதல்வனும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். காலேஜ் மூலமாதான் அப்ளை பண்ணணும், நெட் சென்டர்ல 300 ரூபா குடுக்காதீங்க.

பாலக்கோடு: ஒரு பிரைவேட் காலேஜ்ல சேந்துட்டு கவர்மென்ட் காலேஜ்ல சீட் கெடச்சதால மாற கேட்டேன். டிசி, மார்க் ஷீட் தரமாட்டேன், மூணு வருஷ ஃபீஸும் கட்டுன்னு சொல்றாங்க.

ஒரிஜினல புடிச்சு வச்சுக்க எந்த காலேஜுக்கும் உரிமை இல்ல, யுஜிசி 2018 ஆர்டர் தெளிவா இருக்கு, சரிபாத்துட்டு திருப்பி குடுத்தரணும். ஃபீஸும் பாருங்க: அட்மிஷன் கடைசி தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி விலகுனா சின்ன புராசஸிங் தொகை போக முழுசும், 15 நாளுக்குள்ளன்னா 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாள் வரைக்கும் 80, ஒரு மாசம் வரைக்கும் 50, அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. மூணு வருஷ ஃபீஸ்ங்கிறது சும்மா மெரட்டல். வாயால சண்ட போடாம இன்னிக்கே லெட்டர் எழுதி, தேதி போட்டு, ரிஜிஸ்டர் போஸ்ட்ல பிரின்சிபாலுக்கு அனுப்புங்க, நகல் யூனிவர்சிட்டி ரிஜிஸ்டராருக்கு. போஸ்ட் ரசீது பத்திரம். கவர்மென்ட் காலேஜ்ல விஷயத்த சொல்லி ஒரிஜினல் குடுக்க கொஞ்ச நாள் டைம் கேளுங்க, இந்த சீசன்ல அவங்களுக்கு இது புதுசு இல்ல.